வேணுவின் ஆயுதம்

திண்டிவனத்தில் மரக்காணம் சாலை பிரியும் இடத்துக்குச் சற்று உள்ளே, ஒரு சிமெண்ட் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருக்கிறது தமிழ்ச்செல்வியின் தகரப் பட்டறை. புரட்டாசி வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், அவள் புருஷன் இளவழகன் லோடு ஆட்டோவை வாசலில் நிறுத்தி, பின்னாலிருந்து ஒரு தொட்டியை இறக்கி வைத்தான். அவள் செய்து கொடுத்த தொட்டிதான்.

"உன் பொண்ணு திரும்பி வந்துட்டா, பாரு. மாமியா ஊட்ல வாழ முடியலியாம்."

தமிழ்ச்செல்வி சிரிக்கவில்லை. தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். விளிம்பு முழுக்கத் துரு. மஞ்சள் கரைத்து ஊற்றியதுபோல் அது உள்பக்கம் வழிந்திருந்தது.

"வெள்ளையம்மா இன்னா சொன்னாங்க?"

"சங்கரா மீன் மேல துருத் தண்ணி சொட்டி இருக்குது. வாங்க வந்த பொம்பள, 'இன்னாடி, மீனுக்கு நலங்கு வெச்சி எடுத்தாந்தியா'ன்னு கேட்டாளாம். மார்க்கெட்டே சிரிச்சிருக்குது. கெழவி செம காண்டுல கீது."

அது சாதாரணத் தொட்டி இல்லை. மரக்காணத்தை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்திலிருந்து பெண்கள் தினமும் இளவழகனின் வண்டியில் மீன் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் மார்க்கெட்டுக்கு வருவார்கள். பிளாஸ்டிக் பெட்டிகள் லாரிக்கென்று செய்தவை. ஒரு பெண் தனியாகத் தூக்க முடியாது. வெறும் அலுமினிய அன்னக்கூடையிலோ ஐஸ் பாதி வழியிலேயே கரைந்துவிடும். தமிழ்ச்செல்வி ஒரு வழி கண்டுபிடித்தாள். தகரத்தில் வெளித்தொட்டி ஒன்று, உள்தொட்டி ஒன்று, இரண்டுக்கும் நடுவில் தெர்மாகோல். வெயில் உள்ளே போகாது, குளிர் வெளியே வராது. இடுப்பில் வைத்துத் தூக்கவும் வசதி. வெள்ளையம்மாள் முன்நின்று நடத்தும் குப்பத்துப் பெண்கள் குழுவில் எல்லோருக்கும் அதேபோல் செய்து தரச் சொல்லியிருந்தார்கள். முதலில் மாதிரிக்கு ஒன்று. திரும்பி வந்து நிற்பது அந்த ஒன்றுதான்.

இந்த வேலை கைவிட்டுப் போனால் பட்டறையும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். சென்னையில் ஒரு கம்பெனியில் ஏசி குழாய் செய்துகொண்டு, வாரம் முழுக்க விடுதியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவள், அதை விட்டுவிட்டுத்தான் இங்கே ஷட்டரைத் திறந்தாள். கூரைத் தண்ணீர்க் குழாயும் ஓட்டை வாளியும் மட்டுமே வந்தால் ஷட்டர் அதிக நாள் திறந்திருக்காது. அந்தக் கம்பெனிக்காரர் இன்னமும் போன் பண்ணிக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

துரு எங்கே பிடித்தது என்பதைவிட, ஏன் அங்கே மட்டும் பிடித்தது என்பதுதான் கேள்வி. தகரத் தகடு என்பது இரும்பு. அதன்மேல் நூலைவிட மெல்லியதாகத் துத்தநாகப் பூச்சு. வெயிலில் காட்டினால் வெள்ளி நிறத்தில் பூப்பூவாகத் தெரியுமே, அதுதான் நாகம். அந்தப் பூ இருக்கும்வரை இரும்புக்குக் கவலை இல்லை. சின்னக் கீறல் விழுந்தால்கூட, பக்கத்தில் இருக்கும் நாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றிவிடும். ஆனால் விளிம்பு அப்படி இல்லை. வெட்டின தகட்டின் விளிம்பு கையைக் கிழிக்கும்; கொஞ்சம் அழுத்தினால் நெளியும். அதனால் விளிம்பில் ஒரு கம்பியை வைத்து, தகட்டை அதன்மேல் மடக்கி, கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டித் தட்டி மூடுவார்கள். கம்பி எலும்பு, தகடு தோல். தொட்டிக்கு பலம் வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் நாகப் பூச்சு முட்டை ஓடுபோல் விரிசல் விடும். உள்ளூர்த் தண்ணீருக்கு அது பெரிய விஷயம் இல்லை. உப்புத் தண்ணீரோ அந்த விரிசலுக்குள் நுழைந்து, மடிப்புக்குள்ளேயே தங்கி, உள்ளிருந்து தின்னத் தொடங்கிவிடும்.

தமிழ்ச்செல்வி ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். தகட்டின்மேல் துணியைச் சுற்றித் தட்டிப் பார்த்தாள். மடிப்புக்கு மேல் பெயிண்ட் அடித்தாள். உப்புக் கரைசலில் ஊறப் போட்டால் எல்லாம் ஒரே கதைதான்.

"தட்டாம மடிக்கணும். ஆனா தட்டாம தகடு எப்படிய்யா மடியும்?" என்று புருஷனிடம் புலம்பினாள்.

"கெஞ்சிப் பாரு," என்றான் இளவழகன்.

*

வெள்ளையம்மாளை நேரில் பார்த்து இன்னும் கொஞ்ச நாள் அவகாசம் கேட்கலாம் என்று குப்பத்துக்குப் போனாள். கிழவி கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வா. நலங்கு வெக்கிற பொம்பள வந்துட்டாளா?"

"பெரிம்மா, இன்னொரு தபா செஞ்சித் தரேன். கொஞ்சம் டைம் குடுங்க."

"புதுச்சேரியில பிளாஸ்டிக்ல கேட்டிருக்கறோம். சின்னதா வார்த்துத் தரேன்னு சொல்லி இருக்கறான். மாசியிலேர்ந்து போட் நெறைய போவும், அதுக்குள்ள எங்களுக்கு வேணும். உனக்காக மீன் காத்துக்கினு இருக்குமா?"

தமிழ்ச்செல்வி பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கிழவியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கைகள் உப்பு போட்ட நெத்திலியை ஒரு பழைய தகரத் தொட்டியிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தன. தொட்டி நெளிந்து, அடி மாற்றி, கைப்பிடி போய், பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் அதன் விளிம்பு!

குனிந்து தொட்டுப் பார்த்தாள். ஒரு துரு இல்லை. ஒரு சுத்தியல் தழும்பு இல்லை. கண்ணாடி வளையல்போல் சுற்றிலும் ஒரே வழவழப்பு. வெள்ளிப் பூ மங்கியிருந்தாலும் விரிசல் விடாமல் வளைந்து உள்ளே போயிருந்தது. யாரோ தட்டாமல் மடித்திருக்கிறார்கள்.

"இது எந்தக் காலத்துத் தொட்டி பெரிம்மா?"

"அது நான் வாழ வந்த புதுசுல வாங்குனது. உப்புலயே கெடக்குது. அதுக்கு இன்னா இப்போ?"

தொட்டியைக் காலி செய்யச் சொல்லி அவள் கெஞ்ச, கிழவி திட்டிக்கொண்டே காலி செய்தாள். தொட்டியின் பக்கவாட்டில், பாத்திரக்கடையில் பேர் வெட்டுவதுபோல், புள்ளி புள்ளியாக எழுத்து: 'வேணு, விழுப்புரம்.'

"பெரிம்மா, பிளாஸ்டிக்காரனுக்கு இன்னும் வாக்கு குடுக்காதீங்க. இந்த ஆள நான் கண்டுபுடிச்சிட்டு வரேன்."

"அந்த ஆளு இன்னும் உயிரோட இருந்தா என்னை வுட கெழவனா இருப்பான்," என்றாள் வெள்ளையம்மாள். ஆனால் மறுக்கவில்லை.

*

ஆயுத பூஜை அன்று கிளம்பினாள். வேறு நாளில் போக முடியாது என்பதில்லை. ஆனால் அன்றைக்குப் பட்டறையில் எந்தக் கருவியையும் தொடக் கூடாது. கத்திரிக்கும் கொட்டாப்புளிக்கும் பொட்டு வைத்து, பொரி கடலை படைத்துவிட்டால் அவற்றுக்கு ஓய்வு. கருவிக்கு ஓய்வு என்றால் கைக்கும் ஓய்வுதானே.

விழுப்புரம் ஸ்டேஷன் பக்கம் இருந்த பழைய பாத்திரக் கடைகளில் விசாரித்தாள். மூன்றாவது கடையில், வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார்: "தகரக்கடை வேணுவா? அவரு போய்ச் சேந்து ரொம்ப வருஷம் ஆச்சேம்மா. புள்ள ஜெகதீசன் அந்த சந்துலதான் ஜெராக்ஸ் கடை வெச்சிருக்காரு. ஊடு மேல."

ஜெகதீசனுக்கு ஐம்பது வயதிருக்கும். கதவைத் திறந்தபோது கையில் பொரித் தட்டு இருந்தது. அப்பா பேரைச் சொன்னதும் உள்ளே வரச் சொன்னார். அவர் மனைவி கவிதா மோர் கொண்டுவந்தாள். வந்த காரணத்தைத் தமிழ்ச்செல்வி சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் தானாகவே பூஜைப் பலகைக்குப் போய்விட்டது.

ஜெராக்ஸ் மெஷினின் சாவி, கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், கவிதாவின் தையல் மெஷின். எல்லாவற்றுக்கும் நடுவில், ஒரு தாம்பாளத்தின்மேல், சந்தனமும் மஞ்சளும் குங்குமமுமாக ஒரு கட்டி. இரண்டு கைப்பிடிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சின்னப் பிள்ளையார் ஒருவர் கால் நீட்டிப் படுத்திருப்பதுபோல் இருந்தது.

"அது இன்னாங்கண்ணே?"

"அப்பாவோட ஆயுதம்மா."

"எதுக்கு யூஸ் பண்ணுவாரு?"

ஜெகதீசன் சற்றுக் கூச்சத்தோடு சிரித்தார். "தெரியாதும்மா. நான் சின்னப் பையனா இருக்கும்போது, கை நசுங்கிடும் தொடாதடான்னு ஒதைப்பாரு. அவரு போனப்புறம் அம்மா பூஜைல வெச்சாங்க. அதுலேர்ந்து நாங்க தொட்டதே இல்ல. வருஷா வருஷம் சந்தனம் பூசறதுதான்."

"பழைய சந்தனத்த எடுக்க மாட்டீங்களா?"

"சாமிக்குப் பூசினத எப்படிச் சொரண்டறது?"

அத்தனை வருடச் சந்தனமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து கல்லாகியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"அண்ணே, ஒரே ஒரு தபா கழுவிப் பாக்கலாமா? எனக்கு வாழ்க்கப் பிரச்சினைண்ணே."

"தப்பா நெனைக்காதம்மா. நீ வேலைக்கு எடுத்துக்கினு போவணும்னு கேக்கறது புரியுது. ஆனா சாமிக்கு வெச்சத வேலைக்கு எடுக்கக் கூடாது. அப்பா மேல நான் வெச்சிருக்கற மரியாதைக்கு இது ஒண்ணுதான் மிச்சம்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தமிழ்ச்செல்விக்குச் சங்கடமாக இருந்தது. கோபப்படுபவரிடம் சண்டை போடலாம். எழுந்து செருப்பை மாட்டினாள். வாசல்வரை போனவள், திரும்பி நின்று கேட்டாள்.

"அண்ணே, உங்க ஜெராக்ஸ் மெஷினுக்குப் பொட்டு வெச்சிருக்கீங்களே. நாளைக்கி இன்னா பண்ணுவீங்க?"

"நாளைக்கா? விஜயதசமி. காலைல முதல் வேலையா ஒரு பேப்பராவது காப்பி எடுப்பேன். எடுக்காம வுடக் கூடாது."

"ஏன்?"

"அதானே வழக்கம். பூஜை போட்டத மறுநாளு கையில எடுத்துத் தொழில் தொடங்கணும்."

"அண்ணியும் ஒரு தையலாவது போடுவாங்க இல்ல? நானும் நாளைக்கி ஒரு துண்டு தகரமாவது வெட்டுவேன். அந்த ஆயுதத்துக்கு மட்டும் பூஜை போட்டீங்க, மறுநாளு கையில எடுக்கலியே. எத்தினியோ வருஷமா அதுக்கு அதே ஆயுத பூஜை நடந்துக்கினே இருக்குது. அதுக்கு இன்னும் விடியவே இல்லண்ணே."

ஜெகதீசன் திரும்பிப் பூஜைப் பலகையைப் பார்த்தார். கவிதா புருஷனைப் பார்த்தாள். பிறகு தமிழ்ச்செல்வியிடம், "நாளைக்கிக் காலைல வா. தகரம் ஒரு துண்டு எடுத்துக்கினு வா," என்றாள்.

"நான் இன்னும் சரின்னு சொல்லலியே," என்றார் ஜெகதீசன்.

"வேணான்னும் சொல்லலியே."

*

விஜயதசமி காலையில் ஜெகதீசனே கற்பூரம் காட்டிவிட்டுத் தாம்பாளத்தோடு தூக்கி வந்தார். மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வெந்நீரில் ஊறவைத்தார்கள். முதல் தண்ணீர் சந்தன நிறம். இரண்டாவது மஞ்சள். பிறகு மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தபோது இரும்பு தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒன்று 'டிக்' என்று அசைந்தது.

"ஐய, சக்கரம் சுத்துது!" என்று கத்திவிட்டார் ஜெகதீசன்.

கைப்பிடிகள் குறடுபோல் இருந்தன. ஆனால் கவ்வும் வாய் இல்லை. வாய் இருக்கவேண்டிய இடத்தில், மல்லாட்டைக் கடலை மடிக்கும் காகிதக் கூம்புபோல் சுருண்ட ஒரு இரும்பு நாக்கு. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். அதன் கீழே, பள்ளம் வெட்டிய இரண்டு பித்தளைச் சக்கரங்கள். கைப்பிடியை அழுத்தினால் சக்கரங்கள் நாக்கின்மேல் போய் ஒட்டும். எவ்வளவு ஒட்ட வேண்டும் என்று முடிவு செய்ய மேலே ஒரு திருகு. பக்கத்தில், கம்பி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. இந்த மாதிரி ஒன்றைத் தமிழ்ச்செல்வி எந்தக் கடையிலும், எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை. கடையில் வாங்கிய பொருளும் இல்லை. அரத்தால் ராவிய தடம் எல்லா இடத்திலும் இருந்தது. வேணு தன் கையால் செய்த ஒரே ஒரு கருவி.

கொண்டுவந்த தகரத் துண்டின் விளிம்பில் மாட்டினாள். குறுகிய பக்கம் கம்பிக்குக் கச்சிதமாக இருந்தது. அதை முன்னால் வைத்து, கைப்பிடியை அழுத்தித் தள்ளினாள். தகரம் அப்பளம்போல் நொறுங்கிச் சுருங்கியது. இன்னொரு துண்டு. அதுவும் அப்படியே. இன்னும் பலமாக அழுத்தினாள். தகடு கிழிந்தே போனது.

தமிழ்ச்செல்வி கருவியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "புரிஞ்சிடுச்சுண்ணே. இந்தப் பக்கம் பாருங்க, கம்பிய சரியாப் புடிக்குது. அந்தப் பக்கம் வாய் அகண்டு கெடக்குது. யூஸ் பண்ணிப் பண்ணித் தேஞ்சிருக்குது. ரெண்டு தட்டு தட்டி ஒட்டுனா ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்கு வந்துடும்."

தகர வேலை செய்பவர்களுக்கு இந்தப் பழக்கம் கையோடு பிறந்தது. எது அகண்டிருந்தாலும் தேய்மானம். தேய்மானத்துக்கு மருந்து சுத்தியல். கருவியைத் தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் வைத்து, பையிலிருந்து சுத்தியலை எடுத்தாள். ஜெகதீசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுத்தியல் மேலே போயிற்று.

"அடிக்காத! அடிக்காத! நிறுத்து!"

கவிதாதான். ஓடிவந்து தமிழ்ச்செல்வியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அது தேஞ்சது இல்ல. அது அப்படித்தான் இருக்கணும். இரு, வரேன்," என்று படியிறங்கிப் போனவள், தையல் மெஷின் டிராயரிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒரு எஃகுத் துண்டைக் கொண்டுவந்து கருவியின் பக்கத்தில் வைத்தாள்.

இரண்டும் ஒரே ஜாடை. ஒன்று குழந்தை, ஒன்று தகப்பன்.

"இது இன்னா தெரியுமா? மடிப்பு புட்டு, தையல் மெஷினோட காலு. முந்தான ஓரம், கைக்குட்ட ஓரமெல்லாம் மெல்லிசா உருட்டித் தைக்கறோமே, அதுக்கு. ஊசிக்கு முன்னால மாட்டுவோம். துணி அகலமான வாய் வழியா உள்ள போவும். போகப் போகச் சுருண்டுக்கினே வந்து, குறுகலான பக்கமா மடிஞ்சி வெளிய வரும். நீ குறுகல் பக்கத்துலேர்ந்து நுழைச்சா துணியும் இப்படித்தான் சுருங்கி நாசமாவும்."

கைக்குட்டைத் துணியைக் கையால் அதற்குள் இழுத்துக் காட்டினாள். தட்டையாக உள்ளே போன ஓரம், நாக்கைச் சுற்றிக்கொண்டு, குழாயாக வெளியே வந்தது. யாரும் அழுத்தவில்லை, யாரும் மடிக்கவில்லை. வழிதான் மடித்தது.

தமிழ்ச்செல்வி அந்தத் துணியைப் பறித்து மறுபடி இழுத்துப் பார்த்தாள். இன்னொரு முறை. "இவ்ளோ தானா!" என்றாள். "ஒரே எடத்துல மொத்தமா மடிச்சாத்தான நாகம் வெடிக்கும்? இது கொஞ்சம் கொஞ்சமா வளைக்குது. தகடுக்கே தெரியாம மடிக்குது!"

"அத்த இத வெச்சி மாமாவ எவ்வளவு திட்டுவாங்க தெரியுமா?" என்று சொல்லும்போதே கவிதாவுக்குச் சிரிப்பு வந்தது. "மெஷின் அவங்களோடதுதான். இந்தப் புட்ட இவரோட அப்பா எடுத்துக்கினு போய் ரொம்ப நாள் பட்டறைலயே வெச்சிக்கினாராம். திருப்பிக் குடுக்கும்போது ஒரே எண்ணெய். கல்யாண ரவிக்கை ஒண்ணு பாழாயிடுச்சாம். சாவுற வரைக்கும் அத்த அதையே சொல்லிக்கினு இருந்தாங்க."

ஜெகதீசன் அந்தச் சண்டையைத் தெரியாதவர் இல்லை. அவர் காதில் அது விழுந்துகொண்டே இருந்த சண்டைதான். அம்மா பவுனு கத்துவார், அப்பா பதில் சொல்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். அந்த மனுஷர் அப்போது என்ன யோசித்துக்கொண்டிருந்தார் என்பது இன்றைக்குத்தான் மகனுக்குப் புரிந்தது. துணிக்குச் செய்ய முடிந்ததைத் தகரத்துக்குச் செய்ய முடியுமா என்று யோசித்திருக்கிறார். துணியை மெஷின் இழுக்கும்; தகரத்தை எது இழுக்கும் என்று யோசித்திருக்கிறார். அதற்குத்தான் சக்கரம்.

"எனக்குத் தெரியாமப் போச்சே," என்று மட்டும் சொன்னார். அரைக் குரலில், பித்தளைச் சக்கரத்தை விரலால் உருட்டிக்கொண்டே.

"முனைய மட்டும் கையால மடிச்சி வுடணும்," என்றாள் கவிதா. "துணின்னாலும் அப்படித்தான். மொதல் மடிப்பு நம்மளுது. அப்புறம் அது பாத்துக்கும்."

தமிழ்ச்செல்வி தகரத் துண்டின் முனையில் விரலளவு மட்டும் குறட்டால் கம்பிமேல் வளைத்தாள். கருவியைத் திருப்பி, அகன்ற வாயை முன்னால் வைத்து, திருகைத் தளர்த்திவிட்டு, மெதுவாகத் தள்ளினாள். கை தானாக இறுக்கப் போனது.

"இறுக்காத, இறுக்காத," என்று கவிதா அதட்டினாள். "புதுசாத் தைக்க வர பொண்ணுங்க மாதிரியே பண்ணிக்கினு! துணிய அமுக்கிப் புடிச்சா எப்படி ஓடும்?"

கையைத் தளர்த்தினாள். கருவி ஓடியது. முதல் ஓட்டத்தில் விளிம்பு லேசாகத் தலைகுனிந்தது. திருகைக் கொஞ்சம் இறுக்கி இரண்டாவது ஓட்டம், பாதி வளைந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். கடைசியில் தகடு கம்பியைக் கட்டிக்கொண்டு, நுனி உள்ளே மறைந்து, வழவழவென்று நின்றது. அவள் அதை வெயிலில் திருப்பினாள். வளைவின்மேல் வெள்ளிப் பூ அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரம் மூன்று பேரும் அந்தத் துண்டைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்துக்கினு போ," என்றார் ஜெகதீசன். "அடுத்த ஆயுத பூஜைக்கு எடுத்தாந்து வை. மறுநாளு திரும்ப எடுத்துக்கோ."

"சந்தனம்?"

"கைப்பிடில மட்டும்."

*

புதுத் தொட்டியைப் பார்த்து வெள்ளையம்மாள் மயங்கிவிடவில்லை. விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவினாள். "அழகாத்தான் கீது. மொதத் தொட்டியும் அழகாத்தான் இருந்துது," என்றாள். பிறகு ஒரு தீர்ப்பு சொன்னாள்: தொட்டியில் கடல்தண்ணீர் ஊற்றி, படகுகள் இழுத்துவைக்கும் இடத்தில், வெட்டவெளியில் கிடக்கும். ஐப்பசி கார்த்திகை மழை, மார்கழிப் பனி எல்லாம் போகட்டும். பொங்கல் கழித்துப் பார்க்கலாம். அதுவரை பிளாஸ்டிக்காரனுக்கு வாக்குக் கொடுப்பதில்லை.

அந்த மழைக்காலம் தமிழ்ச்செல்விக்குப் பேஜாராகப் போனது. ஓட்டைக் கூரைக் குழாய்களை அடைத்துக் கொடுத்துக்கொண்டே, ஒவ்வொரு தடவை கடற்காற்று வீசும்போதும் தொட்டியை நினைத்துக்கொண்டாள். இளவழகன் தினமும் அதன் பக்கத்தில்தான் வண்டியை நிறுத்துவான். ஆனால் எதுவும் சொல்லக் கூடாது என்று அவளே சத்தியம் வாங்கியிருந்தாள். கம்பெனிக்காரர் மறுபடி போன் பண்ணினார். பொங்கலுக்கு அப்புறம் சொல்கிறேன் என்றாள்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் ஜெகதீசனும் கவிதாவும் விழுப்புரத்திலிருந்து வந்துவிட்டார்கள். எல்லோரும் சேர்ந்தே குப்பத்துக்குப் போனார்கள். தொட்டிமேல் பாசி பிடித்திருந்தது. யாரோ நங்கூரக் கயிறை அதில் கட்டி இழுத்திருந்தார்கள். உடம்பில் நீளமான கீறல். ஒரு பக்கம் நசுங்கியும் இருந்தது.

வெள்ளையம்மாள் மணல் போட்டுத் தேய்த்தாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். கண்ணுக்குக் கிட்டே வைத்துச் சுற்றிலும் பார்த்தாள். போதாது என்று மடிப்புக்குள் நகத்தை விட்டு ஒரு இழு இழுத்து, நகத்தைப் பார்த்தாள். வெள்ளை உப்புத்தான் இருந்தது.

குழுப் பெண்கள் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். கிழவி அவர்களைப் பார்த்து, "ஏன்டி நிக்கறீங்க? யாராருக்குக் கைப்பிடி எந்தப் பக்கம் வேணும்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. இடது கைக்காரிங்க ரெண்டு பேரு கீறீங்க இல்ல?" என்றாள். பிறகு தமிழ்ச்செல்வியிடம்: "ஜல்தியா செய்யி. தை பொறந்துடுச்சு."

தமிழ்ச்செல்விக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. மணலில் உட்கார்ந்துவிட்டாள். கவிதா அவள் தோளைப் பிடித்துக் குலுக்கி, "அழுவாதடி, துரு புடிச்சிடும்," என்றாள்.

*

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை, ஜெராக்ஸ் கடையைச் சாத்திவிட்டு ஜெகதீசன் திண்டிவனம் வந்திருந்தார். பட்டறை முழுக்க வெட்டிய தகடுகள், வளைத்த உடம்புகள், அடுக்கிய தெர்மாகோல். தமிழ்ச்செல்வி கருவியின் அளவெல்லாம் எடுத்து லேத்துக்காரரிடம் இரண்டாவது ஒன்று செய்யக் கொடுத்திருந்தாள். அதுவரை இந்த ஒன்றுதான்.

"நீங்க ஓட்டுறீங்களாண்ணே?"

"எனக்கு வராதும்மா."

"உங்கப்பா வராத ஆளுங்களுக்காகத்தான் செஞ்சிருக்காரு. புடிங்க. கைய லூசா வுடுங்க."

அவர் பிடித்தார். முதல் மடிப்பை அவள் போட்டுக் கொடுத்தாள். அவர் தொட்டியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். முதல் சுற்றில் ஒரு இடம் கோணியது. அவள் திருகைத் தளர்த்திச் சரிசெய்தாள். மறுபடி நடந்தார். பித்தளைச் சக்கரம் சுழல்கிற மெல்லிய ஓசை மட்டும் கேட்டது. கொட்டாப்புளி சுவரில் மாட்டிக் கிடந்தது.

பக்கத்து டீக்கடை மாஸ்டர் கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார்: "இன்னா தமிழு, ஷட்டர் தெறந்து கெடக்குது, சத்தத்தையே காணோம்? கட லீவா?"

"வேல தலைக்கு மேல கீதுண்ணே!" என்று உள்ளிருந்து கத்தினாள் தமிழ்ச்செல்வி. "ரெண்டு டீ குடுத்தனுப்புங்க!"

ஜெகதீசன் நிற்கவில்லை. அடுத்த சுற்றுக்குத் திருகை அவரே இறுக்கிக்கொண்டார்.